புதுப்பிப்புக்குப் பிறகு பேச்சைக் கேட்காத கணினி: குரல் உதவி மென்பொருள் பற்றிய கேள்வி பதில்கள்

இயங்குதளப் புதுப்பிப்பு முடிந்து கணினி மறுபடி எழுந்ததும், அதுவரை ஒழுங்காகப் பதில் தந்த குரல் உதவி மென்பொருள் ஊமையாகிவிடுவது பலரும் சந்திக்கும் தொல்லை. ஒருமுறை சரிசெய்தாலும் அடுத்த புதுப்பிப்பில் அதே தொல்லை திரும்பி வருவதுதான் இதில் பெரிய எரிச்சல். பழுதின் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கும், அது திரும்பி வராமல் தடுப்பதற்கும் உதவும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

மற்ற மென்பொருள்கள் எல்லாம் நன்றாக இயங்கும்போது, புதுப்பிப்புக்குப் பிறகு குரல் உதவி மென்பொருள் மட்டும் ஏன் பழுதாகிறது?

நீங்கள் பேசும் ஒரு வாக்கியம் பதிலாக மாறுவதற்குள் பல கைகள் மாறுகிறது. மைக், அதை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர், இயங்குதளத்தின் ஒலிச் சேவை, மைக்கைப் பயன்படுத்துவதற்கான அனுமதி, அழைப்புச் சொல்லை அடையாளம் காணும் சிறு நிரல், பேச்சை எழுத்தாக மாற்றும் மொழித் தொகுப்பு, இணையத்தின் மறுமுனையில் உள்ள சேவையகம், அதற்குள் நுழைவதற்கான உங்கள் கணக்கு ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால்தான் பதில் வரும். ஒரு சொற்செயலிக்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை; காணொளி அழைப்புக்குக்கூடப் பாதிதான் தேவை. இயங்குதளப் புதுப்பிப்போ இவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடுகிறது. எந்த இடத்தில் அறுந்தாலும் நமக்குத் தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், காரணம் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

புதுப்பிப்புகளிலும் இரண்டு வகை உண்டு. விண்டோஸில் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும் பாதுகாப்புப் புதுப்பிப்பு சில கோப்புகளை மட்டும் மாற்றும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரும் புதுப்பிப்பு பழைய இயங்குதளத்தை ஒரு கோப்புறைக்குள் ஒதுக்கிவிட்டு, புதியதை நிறுவி, உங்கள் அமைப்புகளை அதற்குள் கொண்டுவந்து சேர்ப்பதாகவும் அமையலாம். இந்த இடமாற்றத்தில்தான் டிரைவர்களும் மொழித் தொகுப்புகளும் அதிகமாகத் தடுமாறுகின்றன. ஆகவே, உங்கள் கணினியில் வந்தது எந்த வகைப் புதுப்பிப்பு என்பதைப் புதுப்பிப்பு வரலாற்றுப் பக்கத்தில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் போதாதா?

பெரும்பாலும் போதாது. மைக் அனுமதியோ டிரைவரோ பழுதாகியிருந்தால் நூறு முறை நிறுவினாலும் பயனில்லை. அதைவிடக் கெடுதலானது, மறுபடி நிறுவும்போது பழைய அமைப்புகளும் பிழைப்பதிவுகளும் அழிந்துபோவதால், எது பழுதாகியிருந்தது என்பதைக் கண்டறியும் வாய்ப்பே போய்விடுகிறது. தற்செயலாகச் சரியானாலும் காரணம் தெரியாது; அடுத்த மாதம் மறுபடி அதே இடத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, கணினியை மறுதொடக்கம் செய்வது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: விண்டோஸ் 8 முதல் வரும் விரைவுத் தொடக்க வசதி இயக்கத்தில் இருந்தால், கணினியை நிறுத்திவிட்டு மீண்டும் இயக்குவது முழுமையான மறுதொடக்கம் ஆகாது. இயங்குதளத்தின் கருவும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுகின்றன. அதனால் நிறுத்துவதைத் தேர்ந்தெடுக்காமல், மறுதொடக்கம் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு, கணினியோடு வரும் ஒலிப்பதிவுச் செயலியில் உங்கள் குரலைச் சில நொடிகள் பதிவுசெய்து கேட்பது. சிறிய சோதனைதான், ஆனால் சிக்கல் மைக்கின் பக்கமா, உதவி மென்பொருளின் பக்கமா என்பதை அது உடனே பிரித்துக் காட்டிவிடும். இதற்குப் பின் வரும் வேலையெல்லாம் இந்த விடையைப் பொறுத்தது.

ஒலிப்பதிவுச் செயலியிலும் என் குரல் பதிவாகவில்லை. எங்கே பார்ப்பது?

அப்படியானால் உதவி மென்பொருளை மறந்துவிடலாம், அதன்மேல் குற்றமில்லை. விசைப்பலகையின் மேல் வரிசையில் மைக்கை முடக்கும் விசை இருக்கிறதா, அதன் சிறு விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஹெட்செட்டின் கம்பியிலும் இத்தகைய பொத்தான் இருக்கும். சொல்வதற்கே கூச்சமாக இருக்கும் அளவுக்கு எளிய காரணம் என்றாலும், இதைக் கடைசியாகப் பார்ப்பவர்கள்தாம் அதிகம்.

அடுத்து, ஒலி அமைப்புகளுக்குச் சென்று உள்ளீட்டுச் சாதனமாக எது தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். வெப்கேமரா, புளூடூத் ஹெட்செட், மடிக்கணினியின் சொந்த மைக் என இரண்டு மூன்று மைக்குகள் இருக்கும் கணினியில், புதுப்பிப்பின்போது டிரைவர் மறுபடி நிறுவப்பட்டால் ஒவ்வொன்றும் புதிய சாதனமாகப் பதிவாகி, இயல்புத் தேர்வு வேறொன்றுக்குத் தாவிவிடுவதுண்டு. பேசும்போது உள்ளீட்டு அளவுகாட்டி அசைகிறதா என்று ஒவ்வொரு சாதனமாகத் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள். பட்டியலில் மைக்கே இல்லையென்றால், விண்டோஸின் சாதன மேலாளரில் மஞ்சள் எச்சரிக்கைக் குறியோ, முடக்கப்பட்டதற்கான கீழ்நோக்கிய அம்புக்குறியோ தெரிகிறதா என்று பார்க்கலாம். விண்டோஸ் ஆடியோ என்னும் சேவையும், அது சார்ந்திருக்கும் எண்ட்பாயிண்ட் பில்டர் என்னும் சேவையும் இயங்குகின்றனவா என்பதைச் சேவைகள் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். மேக் கணினியில் இதற்கு இணையாக, ஆக்டிவிட்டி மானிட்டரில் கோர்ஆடியோடி என்ற செயல்முறையை நிறுத்தினால் இயங்குதளம் அதை உடனே தானாகவே மறுபடி தொடங்கிவிடும்; ஒலி முழுவதும் உறைந்துபோன பல வேளைகளில் இதுவே போதுமானதாக இருக்கும்.

குரல் நன்றாகப் பதிவாகிறது. ஆனால் உதவி மென்பொருளுக்கு மட்டும் கேட்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் அனுமதிதான் காரணம். விண்டோஸ் 11இல் தனியுரிமை அமைப்புகளில் உள்ள மைக்ரோஃபோன் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல நிலைமாற்றிகள் உள்ளன. கணினி முழுவதற்குமான மைக் அனுமதி ஒன்று. செயலிகளுக்கான பொது அனுமதி ஒன்று. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அனுமதி. இவை தவிர, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் என்னும் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து நிறுவிய டெஸ்க்டாப் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அனுமதி. மேலே உள்ளது அணைந்திருந்தால் கீழே உள்ளவை இயக்கத்தில் இருந்தும் பயனில்லை. தன் செயலியின் பெயருக்கு எதிரே அனுமதி இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவுசெய்பவர்கள் பலர்.

மேக்கில் 2018இல் வந்த மொஹாவி பதிப்பு முதல், பிற நிறுவனங்களின் ஒவ்வொரு மென்பொருளும் மைக்கைப் பயன்படுத்த அனுமதி கேட்டாக வேண்டும். இந்த அனுமதி மென்பொருளின் பெயரோடு மட்டுமல்லாமல் அதன் டிஜிட்டல் கையொப்பத்தோடும் இணைத்துச் சேமிக்கப்படுகிறது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு அந்தக் கையொப்பம் மாறிவிட்டால், பட்டியலில் அனுமதி இருப்பதுபோலத் தோன்றினாலும் நடைமுறையில் செல்லாமல் போகலாம். அனுமதியை அணைத்துவிட்டு மென்பொருளை முழுமையாக மூடி, மறுபடி அனுமதி கொடுத்துத் திறப்பதே இதற்கு மருந்து. ஆப்பிளின் சொந்தக் குரல் உதவியான சிரி இயங்குதளத்தின் உறுப்பு என்பதால் இந்தப் பட்டியலில் தேட வேண்டாம். அதற்குத் தனி அமைப்புப் பக்கம் இருக்கிறது. திரைநேரக் கட்டுப்பாடுகளில் சிரி தடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இயங்குதளமே ஒரு துப்பும் தருகிறது. ஏதேனும் ஒரு மென்பொருள் மைக்கைப் பயன்படுத்தும்போது விண்டோஸின் பணிப்பட்டையில் மைக் உருவமும், மான்டரேயும் அதற்குப் பிந்தையவையுமான மேக் பதிப்புகளில் ஆரஞ்சு நிறப் புள்ளியும் தோன்றும். உதவி மென்பொருளை அழைத்தவுடன் இந்தக் குறி தோன்றினால் ஒலி உள்ளே செல்கிறது, சிக்கல் அதற்கு அப்பால் உள்ளது என்று கொள்ளலாம். தோன்றவேயில்லை என்றால் அனுமதியைத்தான் பார்க்க வேண்டும். சில நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்களும் மைக்கைக் காப்பதாகச் சொல்லி, புதுப்பிக்கப்பட்ட நிரலை அந்நியனாகக் கருதித் தடுத்துவிடும்.

பொத்தானை அழுத்தினால் பதில் வருகிறது. பெயர் சொல்லி அழைத்தால் வருவதில்லை.

பெயரைக் கேட்டு விழிப்பது தனியொரு சிறு நிரலின் வேலை. அது இணையத்தைச் சாராமல் கணினிக்குள்ளேயே ஓயாமல் இயங்கி, அந்த ஓரிரு சொற்களை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருக்கும். பேச்சு முழுவதையும் புரிந்துகொள்ளும் பகுதி வேறு. ஆகவே பொத்தானுக்குப் பதில் கிடைக்கிறது என்றால் மைக், அனுமதி, இணையம் மூன்றையும் சந்தேகிக்கத் தேவையில்லை. குரலழைப்பு வசதி அணைந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். சிரியில் அதை அணைத்து மறுபடி இயக்கினால், உங்கள் குரலைப் பழக்கும் சிறு பயிற்சி மீண்டும் தொடங்கும், அதை முடித்துவிடுங்கள். மேக்கில் 2023இல் வந்த சொனோமா பதிப்பு முதல் பெயரை மட்டும் சொல்லி அழைப்பதும், முன்பிருந்த ஹே என்ற விளியோடு அழைப்பதும் இரு தெரிவுகளாக உள்ளன. கணினி எதை எதிர்பார்க்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்டின் உதவி மென்பொருளான கோபைலட்டின் குரலழைப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். செயலியின் அமைப்புகளுக்குள் சென்று நாமே அதை இயக்க வேண்டும், திரை பூட்டப்படாமலும் இருக்க வேண்டும்.

மூடிய மடிக்கணினியை வெளித்திரையோடு இணைத்துப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட மேக் மடிக்கணினிகளிலும், டி2 பாதுகாப்புச் சில்லு கொண்ட இன்டெல் மடிக்கணினிகளிலும் மூடியைச் சாத்தினால் உள்ளமைந்த மைக்கின் இணைப்பு வன்பொருள் அளவிலேயே துண்டிக்கப்படும். இது பாதுகாப்பு ஏற்பாடு. எந்த அமைப்பாலும் மாற்ற முடியாது. வெளி மைக் ஒன்றை இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்கிறது, ஆனால் சொல்வதைத் தாறுமாறாகப் புரிந்துகொள்கிறது.

பெரும் புதுப்பிப்புக்குப் பிறகு இது நேர்ந்தால் மொழித் தொகுப்பைப் பாருங்கள். திரையில் தெரியும் மொழி, விசைப்பலகையின் மொழி, பேச்சை அறியும் மொழி ஆகிய மூன்றும் தனித்தனி அமைப்புகள். பேச்சுக்கான தொகுப்பு விடுபட்டுப்போயிருந்தால் மொழி அமைப்புகளில் அதைத் தனியாகப் பதிவிறக்க வேண்டும். ஒரு மொழிக்குப் பழக்கப்பட்ட நிரலிடம் வேறு மொழியில் பேசினால் அது தனக்குத் தெரிந்த சொற்களாகவே அதை வளைத்துக்கொள்ளும் என்பதால், விளைவு பிழைச்செய்தியாக வராமல் உளறலாக வரும்.

புளூடூத் ஹெட்செட் இன்னொரு காரணம். வழக்கமான புளூடூத்தில் மைக் இயங்கத் தொடங்கியதும் ஹெட்செட் இசைக்கான முறையிலிருந்து அழைப்புக்கான முறைக்கு மாறுகிறது. குரல் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் என்ற குறைந்த மாதிரி வீதத்தில்தான் கணினிக்கு வந்து சேர்கிறது. புதுப்பிப்புக்கு முன் மடிக்கணினியின் மைக் இயல்புத் தேர்வாக இருந்து, இப்போது ஹெட்செட்டின் மைக்குக்கு மாறியிருந்தால் துல்லியம் குறைவது இயல்பே. புதிய டிரைவரோடு வரும் இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம் போன்ற ஒலி மேம்பாடுகளும் சில வேளைகளில் சொற்களின் முதல் எழுத்தை விழுங்கிவிடும். அவற்றை அணைத்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

இணையம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் சேவையோடு இணைக்க முடியவில்லை என்கிறது.

கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். மறையாக்கப்பட்ட இணைப்புக்கான சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கடிகாரம் வெகுவாகப் பிசகியிருந்தால் செல்லுபடியாகும் சான்றிதழும் காலாவதியானதாகவே தோன்றும். அடுத்து, இணைப்பை வேறொரு சேவையகத்தின் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் இயக்கத்தில் இருந்தால் அதை நிறுத்திச் சோதியுங்கள். கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்நுழைவதும் உதவும்.

விண்டோஸில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேச்சால் தட்டச்சு செய்யும் வசதிக்குப் பெரும்பாலான கணினிகளில் இணையம் தேவை. வாய்ஸ் ஆக்சஸ் என்னும் குரல்வழிக் கட்டுப்பாடு மொழிக்கோப்பை ஒருமுறை இறக்கிய பின் இணையமின்றியே இயங்கும். இரண்டில் ஒன்று மட்டும் இயங்கினால், எந்தப் பக்கம் பழுது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

புதுப்பிப்புக்குப் பிறகு உதவி மென்பொருளே காணாமற்போய்விட்டது. திரும்பப் பெற முடியுமா?

அது பழுதாகாமல் ஓய்வுபெற்றிருக்கவும் கூடும். 2015இல் விண்டோஸ் 10உடன் பெரும் ஆரவாரத்தோடு வந்த குரல் உதவி மென்பொருளான கோர்டானா, 2020இல் தனிச் செயலியாகப் பிரிக்கப்பட்டது. 2023இல் விண்டோஸில் அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸின் பழைய பேச்சறி வசதியும் கைவிடப்படுவதாக 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, விண்டோஸ் 11இல் அதன் இடத்தை வாய்ஸ் ஆக்சஸ் எடுத்துக்கொண்டது. இவற்றை மீட்க இணையத்தில் உலவும் விண்டோஸ் பதிவேட்டுத் (ரெஜிஸ்ட்ரி) திருத்தங்களையும் பழைய நிறுவல் கோப்புகளையும் நம்பாதீர்கள். மறுமுனையில் பதில் சொல்லும் சேவை இல்லாதபோது, இந்தப் பக்கத்து மென்பொருளை உயிர்ப்பித்து என்ன பயன்?

கை அசைவில் சிரமம் உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் வெறும் தொல்லையாக மட்டும் இருப்பதில்லை; அன்றாட வேலையே நின்றுவிடும். அவர்கள் புதிய வசதியின் கட்டளைச் சொற்களைப் பழகும்வரை, பெரும் புதுப்பிப்பை உடனடியாக ஏற்காமல் சில வாரங்கள் தள்ளிப்போடுவது நியாயமானதே.

லினக்ஸில் நானே அமைத்த குரல் உதவி ஒவ்வொரு பதிப்பு மாற்றத்திலும் நின்றுவிடுகிறது.

இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது ஒலி அடுக்கு. ஃபெடோரா 34 பதிப்பு 2021இலும், உபுண்டு 22.10 பதிப்பு 2022இலும் பல்ஸ்ஆடியோ என்னும் பழைய ஒலிச் சேவையிலிருந்து பைப்வயர் என்னும் புதிய சேவைக்கு மாறின. பழைய நிரல்கள் பெரும்பாலும் மாற்றமின்றி இயங்குமாறு பைப்வயர் ஏற்பாடு செய்திருந்தாலும், எதிரொலி நீக்கத்துக்காகவோ மைக் தேர்வுக்காகவோ பல்ஸ்ஆடியோவின் அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதிவைத்த வரிகளை அது படிப்பதில்லை. பைப்வயரோடு இணைந்து சாதனங்களை நிர்வகிக்கும் வயர்பிளம்பரும் 2024இல் வந்த 0.5 பதிப்பில் லுவா மொழியில் எழுதும் அமைப்புக் கோப்புகளைக் கைவிட்டது. கோப்பு அதே இடத்தில் இருக்கும், பிழைச்செய்தியும் கண்ணில் படாது. ஆனால் உங்கள் மைக் தேர்வு மட்டும் செயல்படாது.

இரண்டாவது, இத்தகைய உதவிகள் பெரும்பாலும் எழுதப்படும் நிரல்மொழியான பைத்தான். உபுண்டு 22.04 பதிப்பில் பைத்தான் 3.10, 24.04 பதிப்பில் 3.12. ஒரு நிரலுக்கெனத் தனியாக ஒதுக்கிய மெய்நிகர்ச் சூழலுக்குள் நிறுவிய தொகுப்புகள் பதிப்பு எண்ணைக் கொண்ட கோப்புறைக்குள் இருப்பதால், புதிய பைத்தானின் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. பழைய சூழலைச் சீர்செய்ய முயல வேண்டாம். தேவையான தொகுப்புகளின் பட்டியலை வைத்துக்கொண்டு புதிதாக உருவாக்குவதே குறைந்த நேரம் பிடிக்கும்.

டிரைவரையோ புதுப்பிப்பையோ பழைய நிலைக்குத் திருப்புவது எப்படி?

விண்டோஸின் சாதன மேலாளரில் மைக்கின் பண்புகளைத் திறந்தால், முந்தைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் இருக்கும். முந்தையது சேமிக்கப்படாதபோது அது மங்கலாக, அழுத்த முடியாத நிலையில் தெரியும். அப்போது கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரையே எடுங்கள். டிரைவர்களைத் தேடித் தருவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. மாதாந்தரப் புதுப்பிப்பைப் புதுப்பிப்பு வரலாற்றுப் பக்கத்திலிருந்தே நீக்கலாம். பெரும் புதுப்பிப்பிலிருந்து பின்வாங்குவதற்கு இயல்பாக 10 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பின் பழைய இயங்குதளத்தின் கோப்புறை நீக்கப்பட்டுவிடும். அதனால் புதுப்பித்த முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும். மேக்கில் இத்தகைய எளிய வழி இல்லை. வட்டை அழித்துப் பழைய பதிப்பை நிறுவி, காப்புநகலிலிருந்து மீட்க வேண்டும். குரல் உதவிக்காக மட்டும் அவ்வளவு தூரம் போவது உசிதமன்று.

ஒவ்வொரு முறையும் சரிசெய்கிறேன். அடுத்த புதுப்பிப்பில் மறுபடி கெடுகிறது. இதற்கு முடிவே இல்லையா?

உண்டு. ஆனால் சரிசெய்வதோடு நிறுத்தாமல், எதை மாற்றியபோது சரியானது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்து அமைப்புகளை மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று எழுந்துபோனால் அடுத்த முறையும் ஐந்தையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒன்றை மாற்றுங்கள், சோதியுங்கள். பயனில்லை என்றால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

விண்டோஸில் நம்பகத்தன்மைக் கண்காணிப்பான் என்றொரு கருவி இருக்கிறது. நாள்வாரியாக எந்தப் புதுப்பிப்பு நிறுவப்பட்டது, எந்த மென்பொருள் செயலிழந்தது என்பவற்றை ஒரே வரைபடத்தில் அது காட்டும். உதவி மென்பொருள் கெட்ட நாளும் ஒலி டிரைவர் மாறிய நாளும் இரண்டு மூன்று முறை ஒன்றாக அமைந்திருந்தால் குற்றவாளி ஏறக்குறைய அகப்பட்டுவிட்டான். கணினி தயாரிப்பாளர் தந்த டிரைவரை நீங்கள் நிறுவ, விண்டோஸ் அப்டேட் தன்னிடம் உள்ள வேறொரு பதிப்பை அதன்மேல் போட, நீங்கள் மறுபடி பழையதை நிறுவ என்று இந்தச் சுழல் ஆண்டுக்கணக்கில் ஓடக்கூடும். விண்டோஸின் புரோ பதிப்பிலும் அதற்கு மேற்பட்டவற்றிலும், புதுப்பிப்புகளோடு டிரைவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று குழுக் கொள்கை (குரூப் பாலிசி) என்னும் நிர்வாக அமைப்பில் குறிப்பிடலாம். அதன் பிறகு டிரைவர்களைப் புதுப்பிக்கும் பொறுப்பு உங்களுடையதாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

டிரைவர் காரணமில்லை என்றால், கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் உதவி மென்பொருளை இயக்கிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இயங்கினால், உங்கள் கணக்கின் அமைப்புகளில் ஏதோ ஒன்று சிதைந்திருக்கிறது. இயங்குதளத்தைத் தொட வேண்டியதில்லை. அங்கேயும் இயங்கவில்லை என்றால், சிஸ்டம் ஃபைல் செக்கரை இயக்கி இயங்குதளக் கோப்புகளைச் சரிபார்ப்பது அடுத்த படி.

புதுப்பிப்புகளையே நிறுத்திவிடலாமா?

கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களும் அவற்றோடுதான் வருகின்றன. விண்டோஸ் 11இல் ஐந்து வாரங்கள் வரை தள்ளிப்போடும் வசதி உண்டு. பலரைப் பாதிக்கும் பழுதாக இருந்தால், அதற்குள் திருத்தம் வந்துவிட வாய்ப்பு அதிகம்.

அலுவலகக் கணினியில் நிலைமாற்றிகள் மங்கலாக இருக்கின்றன, மாற்ற முடியவில்லை.

நிர்வாகி கொள்கை வழியாகப் பூட்டியிருக்கிறார் என்று பொருள். குறுக்குவழி தேடாமல் அவரிடமே கேளுங்கள்.

தயாரிப்பாளருக்குப் பழுதைத் தெரிவிக்கும்போது எவற்றையெல்லாம் எழுத வேண்டும்?

இயங்குதளத்தின் பதிப்பு எண், கடைசியாக நிறுவப்பட்ட புதுப்பிப்பின் எண், ஒலி டிரைவரின் பதிப்பும் தேதியும், உதவி மென்பொருளின் பதிப்பு, பயன்படுத்திய மைக் ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடுங்கள். வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதப்படும் புகாரை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒலிப்பதிவுச் செயலியில் குரல் பதிவானதா, மைக் குறி தோன்றியதா, பொத்தானை அழுத்தினால் பதில் வந்ததா, வேறொரு பயனர் கணக்கில் இயங்கியதா என்ற நான்கு விடைகளையும் சேர்த்து எழுதினால், வழக்கமான ஆயத்தக் கேள்விகளோடு வரும் முதல் மறுமொழிக்காகக் காத்திருக்கும் நாட்களை மிச்சப்படுத்தலாம். ஒலிக்கோப்பையோ பிழைப்பதிவையோ இணைப்பதாக இருந்தால் அனுப்புமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். கணக்குப் பெயரும் தனிப்பட்ட பேச்சும் அவற்றில் இடம்பெற்றிருக்கக்கூடும்.